சக்குலண்ட்: சாறா, சதையா, சோறா?

திருகோணமலையின் நாற்றுமேடைகளில் இப்போது தேநீர்க் கோப்பையளவுச் சாடிகளுக்கெனத் தனி மேசையே ஒதுக்கப்படுகிறது. தாமரை மொட்டு பாதி விரிந்தாற்போலத் தடித்த இலைகளை அடுக்கி நிற்கும் அந்தச் சிறு செடிகளை விற்பவரும் வாங்குபவரும் சக்குலண்ட் என்றே சொல்கின்றனர். சிலவற்றின் சீட்டில் ஹார்டி என்ற அடைமொழியும் சேர்ந்திருக்கும். முதற்சொல் செடியின் உடலைக் குறிக்கிறது. அடைமொழி, அச்செடி எதைத் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. முதற்சொல்லுக்குத் தமிழில் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் உண்டு. அடைமொழியை மட்டும் ஒரே சொல்லாகப் பெயர்த்து நம்பினால் நம் ஊரில் செடி செத்துப்போகும் என்பதற்கு, என் வீட்டு முற்றத்தில் வெறுமையாய்க் கிடக்கும் ஐந்து சாடிகள் சான்று.

சக்குலண்ட் என்பது ஆங்கிலத்துக்கு இலத்தீனிலிருந்து வந்த சொல். இலத்தீனில் சூக்குஸ் என்றால் சாறு. சுக்குலெந்துஸ் என்றால் சாறு நிறைந்தது. ஒலி ஒப்புமையைக் கொண்டு சொல்லாராய்ச்சி செய்பவர்கள் இங்கே சற்று நிதானிக்க வேண்டும்: தமிழில் சுக்கு என்பது சாறெல்லாம் வற்றிய இஞ்சி. ஆங்கிலத்தில் இன்றும் சாறு வடியும் இறைச்சிக்கும் கனிக்கும் இதே சொல்லே வழங்குகிறது. இலையிலோ தண்டிலோ வேரிலோ நீரைச் சேமித்து வறட்சியைக் கடக்கும் செடிகளுக்கு அது பின்னர் பொதுப்பெயராயிற்று. எனவே சக்குலண்ட் ஒரு தாவரக் குடும்பத்தின் பெயரன்று. ஒன்றோடொன்று உறவில்லாத பல குடும்பங்கள், வறண்ட நிலத்தில் தனித்தனியே ஒரே தீர்வை வந்தடைந்ததன் பெயர் அது.

தமிழில் பெரும்பாலும் எழுதப்படுவது சதைப்பற்றுத் தாவரம் என்ற தொடர். இலத்தீன் சாற்றைப் பார்த்த இடத்தில் தமிழ் சதையைப் பார்த்திருக்கிறது. இது மூலத்திலிருந்து விலகியதென்று குறை சொல்வோர் சாற்றுத் தாவரம் என்று எழுதலாம் என்பர். நான் அதை ஏற்பதில்லை. தமிழில் சாறு என்பது பெரும்பாலும் பிழிந்தெடுக்கப்பட்டது: கருப்பஞ்சாறு, எலுமிச்சஞ்சாறு. செடிக்குள் இருக்கும் நீரோ பிழிந்தால் எளிதில் ஒழுகுவதில்லை. வழுவழுப்பான உள்ளீட்டில் சிக்கி நிற்கிறது. சதைப்பற்று என்ற தொடரில் உள்ள பற்று, தற்செயலாகவோ அறிந்தோ, அந்த நிலையைச் சரியாகச் சொல்லிவிடுகிறது.

ஆனால் அந்த உள்ளீட்டுக்குத் தமிழில் இன்னும் பழகிய சொல் ஒன்று உண்டு. கற்றாழை மடலைச் சீவியதும் கண்ணாடிபோல் வெளிப்படும் பகுதியை நாம் சோறு என்கிறோம். செடிக்கே சோற்றுக்கற்றாழை என்று பெயர். நீர்சேமிக்கும் இழையம் என்று பாடநூல் விரித்துச் சொல்வதை அடுக்களை இரண்டெழுத்தில் சொல்லிவிட்டது. தொல்காப்பிய மரபியல், புறத்தே வயிரம், அதாவது கெட்டிப்பட்ட பகுதி, உள்ளதைப் புல் என்றும் அகத்தே வயிரமுள்ளதை மரம் என்றும் பிரிக்கிறது. தென்னையும் பனையும் அவ்விதிப்படி புல், வேம்பும் பாலையும் மரம். அந்த அளவுகோலை நாற்றுமேடைச் சாடிக்குக் கொண்டுவந்தால், அகத்திலும் புறத்திலும் வயிரமின்றி உள்ளே சோறு மட்டும் உடைய இவற்றுக்கு இடம் தேட வேண்டியிருக்கும். ஆகவே செடியைச் சதைப்பற்றுச் செடி என்றும், அதனுள் நீரைப் பிடித்துவைத்திருக்கும் பகுதியைச் சோறு என்றும் எழுதுவதே பொருத்தம் என்பது என் துணிபு.

கள்ளி என்று சொல்லிவிட்டால் போதாதா என்று கேட்பவர்களும் உள்ளனர். கள்ளி மிகப் பழைய சொல். சங்கப் பாடல்களில் பாலை நிலத்துக்குரியது. சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி எனத் தமிழில் கள்ளி முதலில் குறித்தது, ஒடித்தால் பால் வடியும் இனங்களை. முள் நிறைந்த அமெரிக்கக் கண்டச் செடிகளான கக்டஸ் இங்கு வந்தபின் அவற்றையும் கள்ளி என்றோம். அவற்றில் பெரும்பாலானவற்றில் பால் இல்லை என்பதை மறந்தோம். கக்டஸ் ஏறக்குறைய அனைத்தும் சதைப்பற்றுச் செடிகளே; சதைப்பற்றுச் செடிகள் அனைத்தும் கக்டஸ் அல்ல. இந்தக் குழப்பத்துக்கு நடுவே மகிழ்ச்சிக்குரிய செய்தி ஒன்றும் உண்டு. பால்வடியும் கொம்புக்கள்ளிக்கு ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் யூபோர்பியா திருக்கல்லி என்று பெயரிட்டபோது, டச்சு ஆளுநர் வான் ரீட் மலபாரில் தொகுப்பித்து 1678 முதல் 1693 வரை வெளிவந்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் நூலில் இருந்த நாட்டுப்பெயரையே எடுத்துக்கொண்டார். தாவரவியல் இலத்தீனுக்குள் நம் கள்ளி அப்படியே நிற்கிறது.

இனி அடைமொழிக்கு வருவோம். ஹார்டி என்பது பழைய பிரெஞ்சில் துணிந்தவன் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. அதன் வேர் ஜெர்மானிய மொழிகளில் கடினம் என்பதைக் குறிப்பது. தோட்டக்கலையில் அது மிகவும் ஒடுங்கிய பொருள் பெற்றுவிட்டது: குளிர்காலத்தை வெளியில் நின்றே கடக்கக்கூடியது. அமெரிக்க விவசாயத் திணைக்களம் நாட்டை 13 வலயங்களாகப் பிரித்திருப்பதும், ஆண்டின் மிகக் குறைந்த வெப்பநிலை சராசரியாக எவ்வளவு என்பதை மட்டும் கொண்டுதான். அங்கே வெயிலைப் பற்றியோ, தொடர்மழையைப் பற்றியோ, உப்புக்காற்றைப் பற்றியோ பேச்சில்லை. இலங்கையில் உறைபனி என்பது நுவரெலியாவின் புல்வெளிகளில் எப்போதாவது சில விடியற்காலைகளில் காணப்படுவது. இரவில் இருபது பாகைக்குக் கீழே இறங்குவதே அரிதான திருகோணமலையில், குளிர் தாங்கும் என்ற சான்றிதழ் வெயிற்காலத்தில் கொடுக்கப்பட்ட கம்பளிப் போர்வை.

ஹார்டி என்பதற்குத் தமிழில் வன்மையான, உறுதியான என்றெல்லாம் எழுதுகின்றனர். இவை பொருளை மறைக்கின்றன. எதை எதிர்த்து உறுதி என்பது அச்சொற்களில் இல்லை. தாங்கி என்ற ஈற்றைப் பயன்படுத்தினால் எதைத் தாங்குகிறது என்று முன்னே சொல்லியே ஆகவேண்டும்: குளிர்தாங்கி, வெயில்தாங்கி, மழைதாங்கி, உப்புக்காற்றுத்தாங்கி. சுமைதாங்கிக் கல்லில் உள்ள அதே தாங்கி இது. நம் வழக்கில் தாங்கிக்குச் சேமிக்கும் தொட்டி என்ற இன்னொரு பொருளும் உண்டு. சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றிப் பேசாத திருகோணமலையார் இல்லை. நீரைச் சேமிக்கும் இச்செடியும் ஒரு நீர்த்தாங்கிதான். சேமிப்பதற்கும் பொறுப்பதற்கும் ஒரே சொல் அமைந்திருப்பது தமிழில் கிடைத்த வசதி.

ஹார்டி என்ற பெயரில் உலகெங்கும் முதலில் சுட்டப்படும் சிறுசெடி செம்பர்விவம். இலத்தீனில் இதன் பொருள் என்றும் உயிருள்ளது. ஆல்ப்ஸ், பிரனீஸ், கார்ப்பாத்தியன் முதலிய மலைகளின் பாறைப் பிளவுகளில் பனிக்கடியில் கிடந்தும் பிழைக்கும் செடி இது. ஐரோப்பாவில் அதை வீட்டுக் கூரைமேல் வளர்த்தால் இடி விழாது என்று நம்பினர். பேரரசர் சார்லமேனின் தோட்ட ஆணையொன்று தோட்டக்காரன் தன் வீட்டின்மேல் அதை வைத்திருக்க வேண்டும் என்றே சொல்கிறது. லின்னேயஸ் பொதுவான இனத்துக்கு இட்ட தெக்தோரும் என்ற பெயரும் கூரைகளுக்குரியது என்ற பொருளுடையதே. கண்ணேறு படாதிருக்க நிலைவாசலில் கற்றாழையைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடும் நமக்கு இந்த நம்பிக்கை வியப்பாக இராது. மண்ணில்லாமலும் சாகாத செடியிடம் மனிதர் எங்கும் காவல் கேட்டிருக்கின்றனர்.

என்றும் உயிருள்ளது என்ற பெயருக்கு மாறாக, செம்பர்விவத்தின் ஒவ்வோர் இலைக்கொத்தும் ஒரே முறை பூத்து மடிந்துவிடும். அதற்குள் அது ஓடிப்படரும் தண்டுகளின் நுனியில் குட்டிகளைச் சுற்றிலும் ஈன்றிருக்கும். ஆங்கிலேயர் இதைக் கோழியும் குஞ்சும் என்பர். நமக்கு அந்த உவமை வேண்டியதில்லை. குலை தள்ளிய தாய்மரம் சாய, அடியில் வாழைக்குட்டி நிமிர்வதை நாம் நாளும் காண்கிறோம். வாழையடி வாழை என்பதைவிடச் செம்பர்விவத்துக்கு நல்ல மொழிபெயர்ப்பு கிடைக்காது.

கடையில் செம்பர்விவம் என்று விற்கப்படுவது பலவேளைகளில் எக்கெவேரியாவாகவே இருக்கும். மெக்சிக்கோவைச் சேர்ந்த ஓவியர் அத்தனாசியோ எச்செவெர்ரியாவின் பெயரால் 1828இல் வழங்கப்பட்ட இனம் இது. வேறுபாட்டைக் கண்டறிய இலையின் விளிம்பைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்: செம்பர்விவத்தின் விளிம்பில் மெல்லிய மயிர்கள் இருக்கும், எக்கெவேரியாவின் இலை பெரும்பாலும் மழமழப்பாக, தொட்டால் விரலடையாளம் பதியும் மாப்பூச்சுடன் இருக்கும். பூத்தால் ஐயமே இராது. செம்பர்விவத்தில் பூந்தண்டு கொத்தின் நடுவிலிருந்து எழும். பூ எட்டுக்கும் மேற்பட்ட இதழ்களுடன் விண்மீன் போல் விரியும். எக்கெவேரியாவில் தண்டு பக்கவாட்டில் இலைக்கக்கத்திலிருந்து வரும்; ஐந்திதழ்ப் பூ மணிபோல் தொங்கும்; பூத்த கொத்து மடியாது. உதிர்ந்த இலையை மண்மேல் கிடத்தினால் எக்கெவேரியா வேர்விட்டுக் குட்டி தரும். செம்பர்விவம் பெரும்பாலும் தராது. கொத்தின் இலைகள் கடினமாக, வெள்ளைப் புள்ளிகளோ வரிகளோ கொண்டு, அல்லது நுனியில் ஒளிபுகும் சாளரம் போன்ற தெளிவுடன் இருந்தால் அது இரண்டுமன்று, ஹவோர்த்தியா. அப்பெயர் 1833இல் இறந்த ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஏட்ரியன் ஹார்டி ஹவோர்த்தை நினைவுகூர்வது. பெயருக்குரியவரின் நடுப்பெயரிலேயே ஹார்டி இருந்தும் இச்செடி உறைபனியைத் தாங்காது. ஆனால் திருகோணமலையில், உச்சிவெயில் படாத வெளிச்சத்தில், மற்ற இரண்டையும்விட நன்றாகத் தாங்குகிறது.

இந்த வேறுபாட்டின் காரணம் செடியின் மூச்சில் இருக்கிறது. மற்றச் செடிகள் பகலில் திறக்கும் இலைத்துளைகளை இவை இரவில் திறந்து, உள்வாங்கிய கரியமிலவாயுவை அமிலமாகச் சேமித்து, பகலில் துளையை மூடிக்கொண்டு உணவாக்குகின்றன. இந்நிகழ்வின் முதற்குறிப்புகளில் ஒன்று நம் பக்கத்து மண்ணில் எழுந்தது. தரங்கம்பாடி மிஷனுக்கு வந்து, பின் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹேய்ன், கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்று நாம் அழைக்கும் செடியின் இலை காலையில் புளிப்பதையும், பொழுது ஏற ஏறப் புளிப்பு குறைவதையும் சுவைத்தறிந்து 1813இல் கடிதமாக எழுதினார். (வாசகர் சுவைத்துப் பார்க்க வேண்டாம், அச்செடியில் இதயத்தைத் தாக்கும் நச்சுப்பொருள் உண்டு.) இரவு குளிர்ந்தால் இச்சேமிப்பு நன்கு நடக்கும். மலைச்செடியான செம்பர்விவத்துக்கு நம் புழுக்கமான இரவும் குளிர்காலமில்லாத ஆண்டும் ஓய்வே தருவதில்லை.

ஆயினும் என் ஐந்து சாடிகளைக் கொன்றது வெயில் அன்று. வைகாசி முதல் புரட்டாதி வரை உவர்மலைச் சரிவில் வீசும் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றில் (வறுத்துத் தின்னும் நிலக்கடலைக் கச்சானோடு இதற்கு உறவில்லை) அவை வாடி, நீர் விட்டதும் தேறின. ஐப்பசி பிறந்து வாடைக்காற்று மழையைக் கொண்டுவந்தபோது, பத்து நாட்களில் நடுக்கொத்து பழுப்பேறி, தொட்டால் கழன்று வந்தது. எங்கள் ஆண்டுமழையின் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையிலேயே பெய்துவிடுகிறது. நீரைச் சேமிக்கப் பிறந்த செடிக்கு நிறைந்த தாங்கிக்குள் மேலும் ஊற்றினால் வேர் மூச்சடைத்து அழுகும்.

ஆகவே இங்கே சாடியும் மண்ணும் மழைக்காகவே அமைக்கப்பட வேண்டும். அகன்று ஆழம் குறைந்த மண்சாடியே ஏற்றது. கறுப்புப் பிளாஸ்டிக் நண்பகலில் வேரை அவித்துவிடும். மூன்றில் இரண்டு பங்கு பருமணலும் உடைத்த ஓட்டுச் சல்லியும், ஒரு பங்கு தோட்ட மண்ணும் போதும். தும்புத்தூள் கையளவுக்கு மேல் வேண்டாம். அது நீரை விடாது பிடித்துக்கொள்ளும். நிலாவெளியிலோ உப்புவெளியிலோ அள்ளிய கடல்மணலை அப்படியே போடக் கூடாது; ஆற்றுமணலே நல்லது. சாடியின் அடியில் கல்லடுக்கிட்டால் நீர் வடியும் என்பது பரவலான தவறு. நுண்மண்ணிலிருந்து பருங்கல்லுக்கு நீர் எளிதில் இறங்காது. எல்லையிலேயே தேங்கி வேருக்கு இன்னும் அருகில் நிற்கும். துளையை ஓர் ஓட்டுத் துண்டால் மறைத்து, முழுச் சாடியையும் ஒரே கலவையால் நிரப்புவதே முறை. சாடியைத் தூக்கிப் பார்த்து, இலேசானபின் மட்டும் மாலையில் நீர் விட வேண்டும். கொத்து நீண்டு இலைகள் விலகினால் வெளிச்சம் போதவில்லை. ஹவோர்த்தியா செங்கல் நிறமானால் வெயில் மிகுதி. இலையிடுக்கில் பஞ்சுபோல் ஒட்டும் வெண்மூட்டுப் பூச்சியை ஈரத்துணியால் துடைத்தெடுத்தால் தொடக்கத்திலேயே அடங்கும்.

திறந்த முற்றத்தில் ஆண்டு முழுவதும் சிறுசாடியில் நிற்பதற்குப் பத்துமணிப்பூவை விஞ்சியது எனக்குக் கிடைக்கவில்லை. அதை யாரும் சக்குலண்ட் என்று சீட்டுக் குத்தி விற்பதில்லை. மலிவான பூச்செடி என்றே கருதுகின்றனர். அதன் உருண்ட இலையை நசுக்கிப் பார்த்தால் உள்ளே இருப்பதும் சோறுதான்.

இப்போது என் சாடிகளின் சீட்டுகளைத் திருப்பி, பின்பக்கத்தில் நானே எழுதி வைத்திருக்கிறேன். பத்துமணிப்பூ: வெயில்தாங்கி. ஹவோர்த்தியா: நிழல்தாங்கி. எக்கெவேரியா: மழை தாங்காது, ஐப்பசி முதலாம் திகதி தாழ்வாரத்துக்குள் எடுக்கவும்.