டிஸ்லெக்சியா: குறைபாடா, இடர்ப்பாடா?

புத்திசாலிப் பிள்ளைக்கும் வாசிப்பில் வரும் சிக்கலே டிஸ்லெக்சியா. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? கிரேக்கத்தில் 'டிஸ்' என்றால் கடினம், 'லெக்சிஸ்' என்றால் சொல் அல்லது பேச்சு. இரண்டையும் ஒட்டி 'டிஸ்லெக்சியா'வை 1880களில் உருவாக்கியவர் ருடால்ஃப் பெர்லின், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரக் கண் மருத்துவர். மூளை பாதிப்பால் வாசிக்கும் திறனை இழந்த பெரியவர்களைத்தான் அவர் அப்படிக் குறித்தார். 1896இல் இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கில் மோர்கன், புத்திசாலியாக இருந்தும் வாசிக்க வராத 14 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதியபோது வைத்த பெயர் 'பிறவிச் சொற்குருடு'. ஆனால் சிக்கல் கண்ணில் இல்லை. பெரும்பாலும் அது சொல்லின் ஒலிகளைப் பிரித்து எழுத்தோடு பொருத்துவதில் இருக்கிறது.

தமிழில் பலரும் இதைக் 'கற்றல் குறைபாடு' என்கிறார்கள். அது பல சிக்கல்களை அடக்கும் பொதுச்சொல். டிஸ்லெக்சியா வாசிப்பிலும், டிஸ்கிராஃபியா எழுதுவதிலும், டிஸ்கால்குலியா கணக்கிலும் வரும் சிக்கலைக் குறிக்கும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இவற்றை 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்ற ஒரே வகைக்குள் வைக்கிறது. பள்ளிகளில் புழங்கும் 'மெல்லக் கற்போர்' வேறு: அவர்களுக்கு எல்லாப் பாடமும் மெதுவாக ஏறும். இங்கே அப்படியில்லை, பாடத்தை வாசித்துக் காட்டினால் சரியாகப் பதில் சொல்லும் பிள்ளை, அதையே தானாக வாசிக்கத் திணறும்.

ஆகவே 'வாசிப்பு இடர்ப்பாடு' என்பதே பொருத்தமான தமிழ். 'டிஸ்' சுட்டும் கடினம் அதில் இருக்கிறது. 'குறை' பிள்ளைமேல் ஒட்டிக்கொள்கிறது. 'இடர்' வழியில் கிடக்கும் தடையைக் காட்டுகிறது. சான்றிதழ், விண்ணப்பங்களில் மட்டும் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்ற சட்டச் சொல்லையே எழுதுங்கள்.

தமிழ் வாசிப்பில் இது எப்படித் தெரியும்? 'கொடி'யை எடுத்துக்கொள்வோம். கொம்பு ககரத்துக்கு முன்னால், கால் பின்னால், ஒலியோ ஒன்றே. பிள்ளை காலை விட்டு 'கெடி' என்று வாசிக்கும். 'பட்டம்' 'படம்' ஆகும், 'கால்' 'கல்' ஆகும். ல, ள, ழ குழப்பத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். வீட்டில் மூன்றையும் ஒரே மாதிரி ஒலித்தால் எந்தப் பிள்ளையும் தடுமாறும்.

சரளமாக வாசிக்கிறதே என்றும் ஏமாந்துவிட வேண்டாம். பாடம் மனப்பாடமாகியிருக்கலாம்: வாய் ஒரு வரியில், விரல் வேறு வரியில் போகும். நடுவிலிருந்து ஒரு சொல்லைத் தொட்டுக் கேளுங்கள். பிறகு 'தூமிபல்', 'கிறோடை' போன்ற பொருளற்ற சொற்களை எழுதிக் காட்டுங்கள். மனப்பாடம் அங்கே உதவாது. புத்தகமில்லாமல், "'மரம்' என்பதில் 'ம'வை எடுத்தால் மீதி என்ன?" என்றும் கேட்டுப் பாருங்கள். இவை சந்தேகத்தை உறுதிப்படுத்தத்தான், நோயறிய அல்ல.

முதலில் பார்வை, செவித்திறன் இரண்டையும் சோதிக்க வேண்டும். நீண்ட நாள் விடுப்பு, பயிற்றுமொழி மாற்றம் ஏதேனும் உண்டா என்றும் பார்க்க வேண்டும். கவனித்துச் சொல்லிக்கொடுத்தும் 6 மாதத்துக்கு மேல் தடுமாற்றம் நீடித்தால், பிள்ளை எழுதிய, தேதியிட்ட நோட்டுகளை எடுத்துக்கொண்டு குழந்தைகள் நல மருத்துவரிடமோ மருத்துவ உளவியலாளரிடமோ போங்கள். மூன்றாம் வகுப்பிலோ 8 வயதிலோ, எது முந்தியதோ அப்போது, பள்ளி ஆசிரியரே முதல்கட்டச் சோதனை செய்ய வேண்டும் என்றது மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல். பள்ளி தானாகச் செய்யாவிட்டால் எழுத்துமூலம் கேளுங்கள்.