மல்லிகை ரகசியம், புளி ரகசியம்

மதுரை பக்கம் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ரப்பர் சாமான் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் என் நண்பன் கணக்கு பார்க்கிறான். போன மாதம் ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தான். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் நீளமான கேள்வித்தாள் அனுப்பியிருக்கிறார், அதன் கடைசிப் பக்கத்தில் குவாண்டம் கணினி வந்தால் எங்கள் தகவலைக் காக்க என்ன ஏற்பாடு வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு வரி. "ஏன் மாப்ள, நாம லாரியில வாஷர் ஏத்தி அனுப்புற ஆளுங்க, இவன் என்னமோ ராக்கெட் விடுறவன்கிட்ட கேக்குற மாதிரி கேக்குறான்?"

சிரித்துவிட்டேன். ஆனால் கேள்வி நியாயமானதுதான்.

கப்பலூரிலிருந்து ஒரு லோடு தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கிளம்பும்போது சரக்கோடு ஒரு பெரிய தகவல் மூட்டையும் கிளம்புகிறது: ஆர்டர், விலை, வரைபடம், ஈ-வே பில், ஈ-இன்வாய்ஸ், லாரி எங்கே நிற்கிறது என்று சொல்லும் ஜிபிஎஸ் பெட்டியின் கணக்கு. இவற்றில் பெரும்பாலானவை இணையத்தில் பூட்டுப் போட்டுத்தான் போகின்றன. அந்தப் பூட்டுகளில் பல, ஆர்எஸ்ஏ என்ற 1977-ஆம் வருடத்துக் கண்டுபிடிப்பையோ அதன் பங்காளியான நீள்வட்ட வளைவு முறையையோ நம்பி இருப்பவை. இரண்டையும், அணு அளவிலான உலகத்தின் விதிகளை வைத்துக் கணக்குப் போடும் குவாண்டம் கணினி உடைத்துவிடும் என்பது 1994-லேயே அமெரிக்கக் கணிதக்காரர் பீட்டர் ஷோர் காகிதத்தில் நிரூபித்த விஷயம்.

எப்படி உடைக்கும்? ஆர்எஸ்ஏ-வின் பலம் ஒரு சின்ன விஷயத்தில் இருக்கிறது. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது சுலபம், பெருக்கி வந்த விடையை மட்டும் கையில் கொடுத்து அந்த இரண்டும் எவை என்று கேட்டால் கஷ்டம். இன்று சாதாரணமாகப் புழங்கும் 2048 பிட் சாவியில் அந்த விடை 617 இலக்கம்.

ஷோரின் தந்திரத்தை 15 என்ற எண்ணை வைத்தே பார்த்துவிடலாம். 7-ஐ 7-ஆல் பெருக்கிக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் 15-ஆல் வகுத்து மீதியை எழுதுங்கள். 7, 4, 13, 1 என்று வரும், அப்புறம் மறுபடி 7, 4, 13, 1. நான்கு அடிக்கு ஒரு சுற்று. நான்கில் பாதி இரண்டு, 7-இன் இரண்டாம் அடுக்கு 49. அதற்கு ஒன்று குறைவு 48, ஒன்று கூடுதல் 50. 48-க்கும் 15-க்கும் மீப்பெரு பொது வகுத்தி 3. 50-க்கும் 15-க்கும் 5. மூவைந்து பதினைந்து, பூட்டு திறந்துவிட்டது! 2001-இல் ஐபிஎம் ஆட்கள் ஏழு க்யூபிட்டை (குவாண்டம் கணினியின் பிட்) வைத்து இதே 15-ஐத்தான் பிரித்துக் காட்டினார்கள்.

ஆக, சுற்று எத்தனை அடிக்கு ஒருமுறை வருகிறது என்று தெரிந்தால் போதும். 617 இலக்க எண்ணுக்கு அந்தச் சுற்றின் நீளம் நம் கற்பனைக்கு அடங்காதது, சாதாரணக் கணினி அதை நடந்து முடிக்கவே முடியாது. குவாண்டம் கணினி நடப்பதில்லை. எல்லா விடையையும் ஒரே நேரத்தில் போட்டுப் பார்த்துச் சரியானதை எடுத்துவிடும் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள், அது தப்பு. தெப்பக்குளத்தில் இரண்டு கல்லை எறிந்தால் அலைகள் சில இடத்தில் சேர்ந்து உயரும், சில இடத்தில் ஒன்றையொன்று அழித்துத் தட்டையாகும் அல்லவா? அந்த மாதிரி தப்பான சுற்று நீளங்களின் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படியும் சரியானது ஓங்கி நிற்கும்படியும் கணக்கை அமைத்திருக்கிறார் ஷோர். அவ்வளவுதான், அவ்வளவும்தான்.

இப்போதைக்கு அப்படி ஒரு இயந்திரம் கிடையாது. ஐபிஎம் 2023-இல் காட்டிய காண்டார் சில்லில் 1,121 க்யூபிட், அவையும் அடிக்கடி பிழை விடுபவை. 2048 பிட் சாவியை உடைக்க இரண்டு கோடி க்யூபிட் வேண்டும் என்று 2019-இல் கிரெய்க் கிட்னி, மார்ட்டின் எக்கரா என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டார்கள். அதே கிட்னி 2025-இல் பத்து லட்சத்துக்கும் குறைவாகவே போதும், ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும் என்று சொன்னார். எனக்கு இந்த இரண்டாவது செய்திதான் பயம். இயந்திரம் மெதுவாகத்தான் வளர்கிறது, தேவை வேகமாகக் குறைகிறது.

சரி, இன்னும் வராததற்கு இன்றைக்கு ஏன் பதற வேண்டும்? பூட்டை உடைக்கத் தெரியாத திருடன் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போவதில்லையா, அதே கதைதான். பூட்டிய தகவலை இன்று நகலெடுத்து வைத்துக்கொண்டு, இயந்திரம் வந்த பிறகு சாவகாசமாகத் திறக்கலாம்.

ஆனால் எல்லாவற்றுக்கும் பதற வேண்டாம். மாட்டுத்தாவணியிலிருந்து இன்று எத்தனை பெட்டி மல்லிகை விமானம் ஏறுகிறது, என்ன விலைக்கு என்ற தகவல் இன்றைக்குத் தங்கம், நாளைக்குக் குப்பை. அதை 2040-இல் எவனோ திறந்து படித்தால் படித்துவிட்டுப் போகட்டும். புளி அப்படியில்லை, உப்புப் போட்டுப் பானையில் அடைத்தால் வருடக்கணக்கில் நிற்கும். நண்பன் கம்பெனியில் எந்த ரப்பரோடு எவ்வளவு கார்பன், எவ்வளவு கந்தகம் கலக்கிறார்கள் என்ற கலவைக் கணக்கு புளி ரகசியம். கனடாவின் குவாண்டம் ஆராய்ச்சியாளர் மிக்கேல் மோஸ்கா இதை ஒரு சின்னக் கூட்டல் கணக்காகவே சொல்லியிருக்கிறார்: ரகசியம் எத்தனை வருடம் நிற்க வேண்டும், புதுப் பூட்டுக்கு மாற எத்தனை வருடம் ஆகும், இரண்டையும் கூட்டுங்கள். இயந்திரம் வர ஆகும் வருடத்தைவிட அது அதிகமானால் இப்போதே தாமதம்தான்.

புதுப் பூட்டு தயார். அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், இதற்காக 2016-இல் தொடங்கிய போட்டியின் முடிவாக 2024 ஆகஸ்டில் மூன்று தரங்களை வெளியிட்டது. அதில் இரண்டு நம்ம ஊர் புள்ளிக்கோலம் மாதிரியான கட்டமைப்பில் நிற்பவை. தரையில் புள்ளி வைத்து நடுவில் ஓரிடத்தைத் தொட்டால் பக்கத்துப் புள்ளி எது என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். அந்தக் கோலத்தை எழுநூறு எண்ணூறு பரிமாணத்தில் வைத்து, புள்ளிகளிலிருந்து வேண்டுமென்றே கொஞ்சம் கொஞ்சம் தள்ளிவிட்டால்? கோலம் போட்டவருக்கு மட்டும் வழி தெரியும். இதில் ஷோர் தேடும் அந்தச் சுற்று எதுவும் இல்லை. க்ரோம் உலாவி 2024 முதலே பழைய பூட்டையும் இதையும் சேர்த்து இரட்டையாகப் போடுகிறது, மறுமுனையில் உள்ள சர்வரும் ஒத்துழைத்தால். இரட்டையாகப் போடுவதற்குக் காரணம் உண்டு. போட்டியில் வெகுதூரம் வந்த சைக் என்ற முறையை 2022-இல் இரண்டு கணிதக்காரர்கள் சாதாரணக் கணினியிலேயே ஒரு மணி நேரம் போல எடுத்து உடைத்துவிட்டார்கள்.

கையெழுத்து விஷயம்தான் சரக்குத் தொழிலில் தலைவலி. ஈ-இன்வாய்ஸில் இருக்கும் க்யூஆர் கட்டத்துக்குள், பில் போலியல்ல என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறது, அதுவும் ஆர்எஸ்ஏ-வை நம்பித்தான். ஆர்எஸ்ஏ கையெழுத்து 256 பைட். நிஸ்டின் அந்த மூன்று தரங்களில் ஒன்றான எம்எல்-டிஎஸ்ஏ கையெழுத்து முறையில் மிகச் சின்ன அளவே 2,420 பைட். அதை வழக்கம்போல எழுத்துகளாக மாற்றினால் 3,200 தாண்டும். க்யூஆரின் ஆகப் பெரிய கட்டமே 2,953 பைட்தான் பிடிக்கும்! அதே போட்டியில் 2022-இல் தேர்வான ஃபால்கன் முறையில் 666 பைட், அதுபோல ஏதாவது வந்தால்தான் கட்டத்துக்குள் அடங்கும், இல்லாவிட்டால் க்யூஆரில் வெறும் எண்ணை வைத்து மிச்சத்தை சர்வரில் பார்க்க வேண்டியதுதான். பாலத்துக்கு அடியில் சிக்னல் இல்லாமல் லாரியை நிறுத்திச் சோதிப்பவர் பாடு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நண்பன் பையில் வைத்திருக்கும் கையெழுத்து டோக்கனைப் பற்றிக் கவலையில்லை, அது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறுவது. லாரியிலும் குளிர்ப்பெட்டியிலும் பொருத்திய கருவிகள் பத்து வருடம் ஓடுகின்றன. புது மென்பொருள் வந்தால் அது கம்பெனி அனுப்பியதுதானா என்று சரிபார்க்கும் சாவி பல கருவிகளில் சில்லுக்குள்ளேயே பதிந்தது, மாற்ற முடியாது. நாளைக்கு ஒருவன் அந்தக் கையெழுத்தைப் போலியாகப் போட்டால் கருவி அவன் சொல்வதைக் கேட்கும். அடுத்த முறை வாங்கும்போது இந்தச் சாவியை மாற்ற முடியுமா என்று கேட்கச் சொன்னேன்.

கேள்வித்தாளுக்குப் பதில் எழுத இருவரும் உட்கார்ந்து எது மல்லிகை, எது புளி என்று பட்டியல் போட்டோம். கலவைக் கணக்கை வாடிக்கையாளருக்கு எப்படி அனுப்புகிறீர்கள் என்று கேட்டேன். எக்செல் ஃபைல்தான், பாஸ்வேர்டு போட்டு மெயிலில் அனுப்புவோம் என்றான். என்ன பாஸ்வேர்டு?

"கம்பெனி பேரு, பக்கத்துல 123."