மலிவாக எடுத்த ஏடிஎம் ஒப்பந்தம் வங்கிக்கு எங்கே வலிக்கிறது?

பொதுத்துறை வங்கிகளின் பெயர்ப்பலகை மாட்டிய பல ஏடிஎம்களை நடத்துவது, டெண்டரில் வென்ற தனியார் நிறுவனங்கள்தான். இடம் பிடிப்பது, இயந்திரம் வைப்பது, பழுது பார்ப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. பரிவர்த்தனைக்கு இவ்வளவு என்று வங்கி பணம் கொடுக்கும். குறைந்த விலை கேட்டவர், அதாவது 'எல்-1', வேலையைப் பெறுவார்.

ஒரு பேச்சுக்கு, பரிவர்த்தனைக்கு 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தினம் 100 பேர் பணம் எடுத்தால் மாதம் 30,000 ரூபாய் கிடைக்கும். யுபிஐ பரவி அது 60 பேராகச் சுருங்கினால் 18,000தான். வாடகையும் இணைய இணைப்புக் கட்டணமும் குறையாது. கை வைக்க முடிவது பராமரிப்பிலும், பணம் நிரப்ப வண்டி வரும் தடவைகளிலும்தான். 'பணம் இல்லை' என்ற அட்டை தொங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

2018இல் ரிசர்வ் வங்கி, ஏடிஎம்களில் ஓடிய பழைய விண்டோஸ் எக்ஸ்பி மென்பொருளை மாற்றவும், நோட்டுப் பெட்டிகளை அங்கேயே திறந்து நிரப்பாமல் பெட்டியோடு மாற்றவும் உத்தரவிட்டது. பாதுகாப்புக்குத் தேவையான உத்தரவுகள்தான். ஆனால் அதற்கு முன்பே விலை பேசி முடித்த ஒப்பந்தங்களில் இந்தச் செலவுக்கு இடமில்லை. நாட்டின் 2.38 லட்சம் ஏடிஎம்களில் ஏறக்குறையப் பாதியை 2019 மார்ச்சுக்குள் மூட நேரிடலாம் என்று ஏடிஎம் தொழில்துறைக் கூட்டமைப்பு எச்சரித்தது. அந்த அளவுக்குப் போகவில்லை என்றாலும், கட்டுப்படியாகாத விலை எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

இதில் வங்கி இழப்பது, கொள்முதல் பிரிவின் கணக்கில் தெரிவதே இல்லை. தன் ஏடிஎம் படுத்துவிட்டால் வாடிக்கையாளர் பக்கத்து வங்கி ஏடிஎம்முக்குப் போவார். அப்படி எடுக்கும் ஒவ்வொரு முறைக்கும் இவருடைய வங்கி அந்த வங்கிக்கு 19 ரூபாய் தர வேண்டும். 2025 மே மாதத்துக்கு முன் அது 17. மாதத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் பணமில்லாமல் கிடந்தால், ஏடிஎம் ஒன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம் என்ற விதியும் 2021 அக்டோபரிலிருந்து இருக்கிறது. எல்-1 மிச்சப்படுத்திக் கொடுத்த ஒன்றிரண்டு ரூபாய் இப்படி வேறு தலைப்பில் கரைகிறது.

என்னைக் கேட்டால், பரிவர்த்தனை எண்ணிக்கையோடு, இயந்திரம் உயிரோடு இருந்த நேரத்துக்கும் சேர்த்துப் பணம் தர வேண்டும். புது விதி வந்தால் விலையைத் திருத்த ஒப்பந்தத்திலேயே வழி வைக்க வேண்டும்.

மின்சாரத்துக்கும் இதே கதைதான். சென்னையின் வோர்டெக்ஸ் நிறுவனம், ஐஐடி மெட்ராஸ் துணையோடு கிராமங்களுக்காக ஒரு ஏடிஎம் உருவாக்கியது. நோட்டு கீழ்நோக்கி இறங்கும் அமைப்பு என்பதால் மோட்டாருக்கு வேலை குறைவு. ஏசி வேண்டாம், சூரிய மின்சாரமே போதும். இயந்திரத்தின் விலையை மட்டும் பார்க்கும் டெண்டரில் இந்தச் சிக்கனத்துக்கு மதிப்பெண் கிடையாது. அது ஓடப்போகும் வருடங்களின் கரண்ட் பில்லையும் கூட்டிப் பார்க்கச் சொன்னால்தான் கிடைக்கும்.