இடம் மாறிய மருந்துக்கடை

எங்கள் தெருமுனை மருந்துக்கடை போன வருடம் எதிர்ப்பக்கம் மாறிப் போனது. நாற்பது அடி தூரம்கூட இருக்காது. ஆனால் ஒரு வரைபடச் செயலி மட்டும் மாதக்கணக்கில் பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருந்தது. அங்கே இப்போது ரீசார்ஜ் கடை. "மாத்திரை எதிர்ல சார்" என்று சொல்லிச் சொல்லி அந்தப் பையனுக்கு வாய் வலித்திருக்கும். நான் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் (யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடம் அது) நுழைந்து, கடைக்கான புள்ளியை இழுத்து எதிர்ப்பக்கம் வைத்துச் சேமித்தேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, அங்கே கேட்க வேண்டியதும் இல்லை.

அந்தப் புள்ளி என்ன என்று பார்த்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் உலகம் மொத்தமும் மூன்றே மூன்று பொருள்களால் ஆனது: புள்ளி, புள்ளிகளைக் கோத்த கோடு, இவற்றைச் சேர்த்துக் கட்டும் உறவு. புள்ளி என்பது ஓர் அட்சரேகை, ஒரு தீர்க்கரேகை, ஒரு வரிசை எண், அவ்வளவுதான். அதன்மேல் குறிச்சொற்களை ஒட்டுவார்கள்: இது மருந்துக்கடை, பெயர் இது, தமிழில் பெயர் இது, திறக்கும் நேரம் இது. தெரு என்றால் கோடு, ஏரி என்றால் சுற்றி வந்து மூடிய கோடு. பிரிட்டனில் பொதுப் பாதை எதுவானாலும் 'ஹைவே'தான்; அங்கே பிறந்த திட்டம் என்பதால் எல்லாப் பாதைக்கும் அதுதான் குறிச்சொல். வரப்பில் போகும் ஒற்றையடிப் பாதையும் அங்கே ஒரு வகை ஹைவே! திரையில் தெரியும் படம் பிறகு வருவது. அடியில் இருப்பது தரவு, அதை யாரும் மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம்.

2004-இல் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் இதைத் தொடங்கியபோது, பிரிட்டனின் அரசு நில அளவைத் தரவைப் பயன்படுத்தப் பணமும் உரிமமும் வேண்டியிருந்தது. அதனால் ஆர்வலர்கள் ஜிபிஎஸ் கருவியோடு சைக்கிளில் தெருத்தெருவாகச் சுற்றினார்கள். அன்று போட்ட விதி இன்றும் இருக்கிறது: வேறு வரைபடத்தைப் பார்த்துக் காப்பியடிக்கக் கூடாது, நேரில் இருப்பதுதான் கணக்கு. 2010 ஜனவரியில் ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தபோது, உலகின் பல மூலைகளில் இருந்தவர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து அந்நாட்டுத் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸின் தெருக்களைச் சில நாள்களில் வரைந்து முடித்தார்கள், மீட்புக் குழுக்கள் அதை வைத்து வழி தேடின. எந்த வியாபாரக் கணக்கிலும் லாபம் தராத தெருக்கள் அவை.

சரி, இது முழுக்கத் தன்னார்வலர் கைவேலை என்று நினைத்தால் அதுவும் தப்பு. மைக்ரோசாஃப்ட் 2010-லேயே தன் பிங் வான்படங்களைப் பார்த்து வரைய அனுமதி கொடுத்தது. ஆப்பிள், அமேசான், மெட்டா எல்லாம் சம்பளத்துக்கு ஆள் வைத்து இதில் சாலை திருத்துகின்றன. நிறுவனங்கள் வெளியே நிற்கவில்லை, ரொம்ப நாளாக உள்ளேதான் இருக்கின்றன.

2022 டிசம்பரில் அமேசான் வெப் சர்வீசஸ், மெட்டா, மைக்ரோசாஃப்ட், வரைபட நிறுவனமான டாம்டாம் நான்கும், திறந்த மென்பொருள் திட்டங்களை நடத்தும் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் ஓவர்ச்சர் மேப்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கின. இதுவும் திறந்த தரவுதான், இலவசம்தான். பிறகு எதற்கு இன்னொன்று? சமையலறையே வேறு. ஓவர்ச்சர் தெருவில் இறங்கி எதையும் வரைவதில்லை, ஏற்கெனவே இருக்கும் மூலங்களை ஒன்றாக அரைக்கிறது. கட்டடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் மனிதர் வரைந்ததை வைக்கிறார்கள். அங்கே இல்லாத இடத்தில், வான்படத்தைப் பார்த்து மைக்ரோசாஃப்ட்டும் கூகுளும் இயந்திரக் கற்றல் மூலம், அதாவது படங்களைக் காட்டிப் பழக்கிய நிரலால், கண்டுபிடித்த கூரைகளை நிரப்புகிறார்கள். இரண்டு உருவங்கள் போதிய அளவு ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் 'இது ஒரே வீடு' என்று முடிவு. இப்படிச் சேர்ந்தது 200 கோடிக்கும் மேல். மனிதக் கைக்கு இது எட்டாத எண்ணிக்கை, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் சுவரோடு சுவர் ஒட்டிய நாலு வீட்டை ஒரே வீடாக்குவதும், மரத்தடிக் கூரையை விட்டுவிடுவதும் இயந்திரத்துக்குச் சகஜம்.

கடைகளில்தான் சிக்கல் கூடும். ஒரு பட்டியலில் 'ஸ்ரீ முருகன் மெடிக்கல்ஸ்', இன்னொன்றில் 'முருகன் மெடிக்கல்', இரண்டுக்கும் நடுவே பதினைந்து மீட்டர். ஒரே கடையா, இரண்டா? பெயர், தூரம், தொலைபேசி எண் எல்லாவற்றையும் ஒப்பிட்டு நிரல்தான் ஊகிக்க வேண்டும். அதனால் ஓவர்ச்சரில் ஒவ்வொரு கடைக்கும் 'இது நிஜமாகவே இருக்கிறதா' என்பதற்கு 0 முதல் 1 வரை ஒரு நம்பிக்கை மதிப்பெண் உண்டு. ஊகத்தை ஊகம் என்று எழுதி வைப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்னொரு நல்ல காரியமும் செய்திருக்கிறார்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கடைப்புள்ளியை அழித்துவிட்டு யாராவது கட்டட வடிவமாக வரைந்தால், எண் மாறிவிடும். பழைய எண்ணை நம்பி விலைப்பட்டியலோ விமர்சனமோ கோத்து வைத்தவருக்கு நூல் அறுந்தது. ஓவர்ச்சர் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நிலையான அடையாள எண் கொடுத்து, மாதாமாதம் புது வெளியீடு வந்தாலும் அது மாறாமல் பார்த்துக்கொள்ள முயல்கிறது.

அப்புறம் உரிமம். யாரும் பேச விரும்பாத அலுப்பான விஷயம், ஆனால் எல்லாம் இதில்தான் தொங்குகிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவோடு உங்கள் தரவைக் கலந்து புதுத் தரவுத்தளம் செய்து வெளியிட்டால், அதையும் அதே விதியில் திறந்துவிட வேண்டும். நிறுவனங்களுக்கு இது கசப்பு. ஓவர்ச்சரின் சாலைகளும் கட்டடங்களும் அந்த விதியில்தான் வருகின்றன, ஏனென்றால் சாலைகள் பெரும்பாலும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புடையவை. கடைப்பட்டியலில் மட்டும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைத் தொடவே இல்லை. மெட்டா, மைக்ரோசாஃப்ட் போன்றவை கொடுத்ததை, கலந்ததைத் திருப்பித் தர வேண்டாத தளர்வான உரிமத்தில் விடுகிறார்கள். ஆக, நான் இழுத்து வைத்த மருந்துக்கடை ஓவர்ச்சரின் கடைப்பட்டியலுக்குப் போகாது. பக்கத்துச் சந்தின் வளைவைத் திருத்தியிருந்தால் அது போகும்.

யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதில் ஆபத்தும் இருக்கிறது. 2018-இல் ஒருவர் நியூயார்க்கின் பெயரையே யூத வெறுப்புச் சொல்லாக மாற்றினார். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அதைச் சீக்கிரமே அழித்துவிட்டார்கள். ஆனால் அந்தத் தரவை எடுத்துப் பயன்படுத்திய மேப்பாக்ஸ் என்ற வரைபட நிறுவனம் வழியாக அது சில வாரம் கழித்து ஸ்னாப்சாட் போன்ற செயலிகளில் போய் நின்றது. மூலத்தில் தப்பு திருந்திய பிறகும் நகலில் அது உயிரோடு இருந்திருக்கிறது.

மருந்துக்கடைக்கு வருகிறேன். போன வாரம் அந்தப் புள்ளியின் வரலாற்றைப் பார்த்தேன். யாரோ ஒருவர், பெயரைப் பார்த்தால் எனக்குத் தெரிந்தவர் இல்லை, நான் போட்டிருந்த திறக்கும் நேரத்தைத் திருத்தியிருந்தார்: ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணி வரைதான். சந்தேகத்தில் ஞாயிறு இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தேன். ஷட்டர் இறக்கியிருந்தது.