குறிப்புக் கோப்பும் கிரிப்டோ வாலட்டும்: எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கவே கூடாது

டிட்லிவிக்கி போன்ற ஒற்றைக்கோப்புக் குறிப்புச் செயலிகளில் எழுத்து, அதைக் காட்டும் நிரல், தேடல் எல்லாமே ஒரே எச்டிஎம்எல் கோப்புக்குள் அடங்கிவிடும். ஜெரமி ரஸ்டன் 2004இல் வெளியிட்ட காலத்திலிருந்தே அதன் பலம் இதுதான். சர்வர் வேண்டாம், கணக்கு வேண்டாம், பென்டிரைவில் போட்டு எடுத்துப்போகலாம். கிரிப்டோ வைத்திருப்பவருக்கு அடுத்து என்ன தோன்றும் என்று சொல்லவே வேண்டாம்: கடவுச்சொல் பூட்டும் இருக்கிறதே, வாலட்டின் 12 சீட் சொற்களையும் (மொத்தப் பணத்தையும் மீட்டெடுக்கும் ரகசியச் சொற்கள்; யார் கையில் கிடைத்தாலும் பணம் அவருடையது) இதிலேயே எழுதி வைத்துவிடலாமே!

தயவுசெய்து வேண்டாம். பூட்டில் குறையில்லை. டிட்லிவிக்கி 256 பிட் ஏஇஎஸ் என்ற வலுவான முறையில்தான் கோப்பை மறையாக்கம் செய்கிறது; அந்த முறையையே உடைத்துத் திருட யாரும் மெனக்கெட மாட்டார்கள். பூட்டுவதற்கு முன்பும், திறந்திருக்கும்போதும்தான் திருட்டுக்கு வழி பிறக்கிறது.

முதலில் பூட்டுவதற்கு முன்பு நடப்பதைப் பார்ப்போம். பிரௌசரில் திறந்த பக்கம், வட்டில் இருக்கும் தன் கோப்பின்மேல் தானாக எழுத முடியாது. தனி ஏற்பாடு எதுவும் செய்யாவிட்டால், சேமிக்கும் ஒவ்வொரு முறையும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஒரு புதுப் பிரதி இறங்கும், பெயருக்குப் பின்னால் (1), (2) என்று. சொற்களைத் தட்டச்சு செய்து, சேமித்து, பிறகு நினைவு வந்து கடவுச்சொல் போட்டால், பூட்டிய பிரதிக்குப் பக்கத்திலேயே பூட்டாத பிரதியும் உட்கார்ந்திருக்கும். அந்த ஃபோல்டர் கிளவுடோடு இணைந்திருந்தால் பழைய பதிப்பு அங்கேயும் போய்ச் சேர்ந்திருக்கும். சொற்களை காப்பி-பேஸ்ட் செய்திருந்தால் இன்னொரு தடம்: விண்டோஸின் கிளிப்போர்டு வரலாறு இயங்கிக்கொண்டிருந்தால் கடைசி 25 பிரதிகள் வரை அதில் இருக்கும். எஸ்எஸ்டி வகை வட்டில் கோப்பை அழித்தாலும் தரவு அந்த நொடியே மறைந்துவிடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இரண்டாவது ஆபத்து இன்னும் பெரியது. கடவுச்சொல் கொடுத்துத் திறந்ததும் எல்லாக் குறிப்புகளும் வெற்று எழுத்தாக நினைவகத்துக்கு வந்துவிடும். அந்தப் பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் அத்தனைக்கும் ஒரே அதிகாரம்தான். காலண்டர் பிளக்இன் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) காலண்டரை மட்டும்தான் படிக்கும் என்ற தடுப்புச்சுவர் எதுவும் உள்ளே கிடையாது. யாரோ பகிர்ந்த பிளக்இன் ஒன்றை இழுத்துப் போட்டு, சேமித்து, மறுபடி திறந்தால் அதன் நிரல் எல்லாக் குறிப்புகளையும் படிக்கலாம், வெளியேயும் அனுப்பலாம். பிரௌசர் எக்ஸ்டென்ஷன்களும் அப்படித்தான். குரோமில் உள்ளூர்க் கோப்புகளைத் தொடும் அனுமதி அவற்றுக்குத் தானாகக் கிடைக்காது. அதே குறிப்பேட்டை இணையத்தில் ஏற்றித் திறந்தால் இந்தத் தடையும் போய்விடும்.

பூட்டிய கோப்பு திருடுபோனால் பரவாயில்லை என்றும் எண்ண வேண்டாம். 2022இல் கடவுச்சொற்களைப் பாதுகாத்துத் தரும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பூட்டிய பெட்டகப் பிரதிகள் களவுபோயின. பிற்பாடு நடந்த கிரிப்டோ திருட்டுகள் பலவற்றை ஆய்வாளர்கள் அதோடு தொடர்புபடுத்தினார்கள். கோப்பு கையில் இருப்பவர் எத்தனை முறை வேண்டுமானாலும் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கலாம். அவரைத் தடுக்க எந்த சர்வரும் நடுவில் இல்லை. 12 சீட் சொற்களுக்குள் 128 பிட் தற்செயல்தன்மை இருக்கிறது. நாம் மனப்பாடமாக வைத்திருக்கும் கடவுச்சொல்லில் அதில் பாதிகூடத் தேறாது.

தற்செயல்தன்மை குறைந்தால் ஊகிப்பது சுலபம் என்பதால், வாலட்டின் சாவியைப் பக்கத்துக்குள்ளேயே உருவாக்கித் தரும் பிளக்இன்களையும் தவிர்த்துவிடுங்கள். 2011 முதல் 2015 வரை பிரௌசரில் உருவான பல பிட்காயின் வாலட்களில் தற்செயல் எண்கள் போதிய வலுவில்லாமல் இருந்தது 2023இல் ராண்ட்ஸ்டார்ம் என்ற பெயரில் வெளியானது. பிழையான சாவி பார்வைக்குச் சரியான சாவி போலத்தான் இருக்கும்.

ரகசியத்தைக் குறிப்பேட்டுக்கு வெளியே வைத்துவிட்டால் குறிப்பேடும் வாலட்டும் அருமையான ஜோடி. வாலட்டை அடையாளம் காட்டும் மாஸ்டர் ஃபிங்கர்பிரின்ட் எனும் 8 எழுத்துக் குறியீடு, சீட்டிலிருந்து முகவரிகள் எந்த வழியில் உருவாகின்றன என்று சொல்லும் டெரிவேஷன் பாதை, எந்த வாலட் மென்பொருள், எந்தக் காசு எதற்காக வந்தது, அன்றைய மதிப்பு என்ன, எல்லாவற்றையும் எழுதுங்கள். டெரிவேஷன் பாதை தெரியாமல் போனால், சரியான சீட் சொற்கள் கையில் இருந்தும் மீட்டெடுத்த வாலட் காலியாகக் காட்டலாம். பரிவர்த்தனைக் குறிப்புகளை பிப்-329 என்ற பொது வடிவில் ஸ்பேரோ போன்ற வாலட்களிலிருந்து வெளியே எடுக்கலாம். வரிக்கு ஒரு பதிவு என்பதால் குறிப்பேட்டில் ஏற்றுவது சுலபம். பணம் பெற, முகவரியைத் தாங்கிய பிப்-21 இணைப்போ கியூஆர் குறியீடோ போதும். ஆனால் குறிப்பேட்டில் இருக்கும் முகவரியை அப்படியே நம்பாமல், ஹார்டுவேர் வாலட்டின் (சாவிகளைத் தனக்குள் வைத்திருக்கும் தனிக் கருவி) திரையில் தெரியும் முகவரியோடு முழுவதும் ஒப்பிடுங்கள்.

ஒரு கணக்கின் எல்லா முகவரிகளையும் உருவாக்கிக் காட்டும் எக்ஸ்பப் என்ற பொதுச்சாவியை வைக்கலாமா? வைத்தால் இருப்பைப் பார்க்கலாம், செலவழிக்க முடியாது. ஆனால் அது வெளியே போனால் அந்தக் கணக்கின் மொத்த வரவுசெலவும் அம்பலம். அதோடு, அதன்கீழ் வரும் ஏதாவது ஒரு முகவரியின் தனிச்சாவியும் (செலவழிக்க உதவும் ரகசியச் சாவி) அதே ஆள் கையில் கிடைத்துவிட்டால், அக்கணக்கின் மற்ற முகவரிகளின் தனிச்சாவிகளையும் கணக்கிட்டு எடுத்துவிடலாம். ஆகவே ஒற்றை முகவரியின் தனிச்சாவியை ஒருபோதும் ஏற்றுமதி செய்யாதீர்கள்.

பிரௌசர் வாலட்டான மெட்டாமாஸ்க்கைக் குறிப்பேட்டோடு இணைப்பவர்கள் முதலில் முட்டிக்கொள்வது, வட்டிலிருந்து நேரடியாகத் திறந்த கோப்பில் அது பொதுவாக வேலை செய்யாது என்பதில். உள்ளூர் சர்வர் ஒன்றின் வழியாகத் திறக்க வேண்டும். அடுத்து, வாலட் கையொப்பத்திலிருந்தே குறிப்பேட்டின் பூட்டுச்சாவியை உருவாக்கும் உத்தி. ஒரே செய்திக்கு ஒரே கையொப்பம் வரும் என்ற நம்பிக்கையில் செய்வது இது. வேறொரு தளம் அதே செய்தியைக் காட்டி உங்களிடம் கையொப்பம் வாங்கினால் அதற்கும் அதே சாவி கிடைத்துவிடும். ஸ்மார்ட் கான்ட்ராக்ட் வாலட்டில் (பிளாக்செயினில் இருக்கும் நிரலே நடத்தும் வாலட்) கையொப்பமிடும் சாவியை மாற்றினால் கையொப்பமும் மாறும். பழைய குறிப்புகள் திறக்காது. பூட்டுக்குத் தனிக் கடவுச்சொல்லே நல்லது.

குறிப்பு திருத்தப்படவில்லை என்று நிரூபிக்கக் கையொப்பமிடுவது நியாயமான பயன். அங்கே தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. 'கொ' என்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், எகரக் குறி, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான்; ஆனால் கையொப்பத்துக்கு அடிப்படையான ஹேஷ் (எழுத்திலிருந்து கணக்கிடும் சுருக்க அடையாளம்) வேறு. ஹேஷ் எடுக்கும் முன் யூனிகோடின் என்எஃப்சி என்ற ஒரே சீர் வடிவத்துக்கு மாற்றுங்கள், வரிமுடிவுக் குறிகளையும் ஒரே மாதிரியாக்குங்கள்.

சீட் சொற்கள் ஏற்கெனவே குறிப்பேட்டில் இருந்தால், அழிப்பது தீர்வல்ல. ஹார்டுவேர் வாலட்டில் புது சீட் உருவாக்கிக் காகிதத்தில் எழுதுங்கள். கருவியை ரீசெட் செய்து, காகிதத்தைப் பார்த்தே மீட்டெடுத்து, அதே முகவரி வருகிறதா என்று பாருங்கள். சிறு தொகை அனுப்பிச் சோதித்தபின் மீதியை மாற்றுங்கள். எத்தீரியத்தில் டோக்கன்கள் இருந்தால் அவற்றை நகர்த்தவே கட்டணமாக ஈத்தர் காசு வேண்டும், ஆகவே ஈத்தரைக் கடைசியில் அனுப்புங்கள். பழைய முகவரியை யாரிடமெல்லாம் கொடுத்திருக்கிறீர்களோ அவர்கள் எல்லோருக்கும் புதியதைத் தெரிவித்துவிடுங்கள்.