அப்பீஸ்மென்ட்: பகைதணிப்பு

2017இல் வெளிவந்த ‘டார்க்கஸ்ட் அவர்’ என்னும் ஆங்கிலத் திரைப்படம், 1940 மே மாதத்தில் வின்ஸ்டன் சர்ச்சில் பிரிட்டனின் பிரதமராகப் பொறுப்பேற்ற நாள்களைக் காட்டுகிறது. அவர் யாருடைய இடத்துக்கு வந்தார், ஏன் வந்தார் என்பதை விளங்கிக்கொள்ள, எதிரிக்கு விட்டுக்கொடுத்துப் போரைத் தவிர்க்கும் கொள்கையைக் குறிக்கும் ‘அப்பீஸ்மென்ட்’ என்ற ஒரு சொல்லை அறிந்திருக்க வேண்டும். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதில் நாம் இன்னும் போதிய கவனம் செலுத்தவில்லை என்று கருதுகிறேன்.

இச்சொல் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அமைதியைக் குறிக்கும் ‘பாக்ஸ்’ என்னும் லத்தீன் சொல்லே இதன் வேர். ‘அமைதிக்குக் கொண்டுவருதல்’ என்பது நேர்ப்பொருள். பணம் செலுத்துவதைக் குறிக்கும் ‘பே’ என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வேரிலிருந்து கிளைத்ததுதான். கடன் கொடுத்தவனுக்கு உரியதைக் கொடுத்து அவன் மனத்தை ஆற்றுவது என்ற பொருளிலிருந்து அது வளர்ந்தது. கொடுத்து ஆற்றுதல் என்னும் கருத்து இந்தச் சொற்குடும்பத்திலேயே ஊறியிருக்கிறது.

1930களில் இது இழிசொல்லாக இருக்கவில்லை. முதல் உலகப் போரின் பேரிழப்பைக் கண்ட தலைமுறை, குறைகளைப் பேசித் தீர்த்துப் போரைத் தவிர்க்கும் நல்முயற்சியை இச்சொல்லால் குறித்தது; சர்ச்சிலுக்கு முன் பிரதமராக இருந்த நெவில் சேம்பர்லினும் தம் கொள்கையைப் பெருமையுடனேயே இப்பெயரால் வழங்கினார். 1938 செப்டம்பர் இறுதியில் மியூனிக்கில் ஹிட்லர், முசோலினி, சேம்பர்லின், பிரான்சின் தலாதியே ஆகிய நால்வரும் கூடி, செக்கோஸ்லோவாக்கியாவின் சுடேட்டன் பகுதியை ஜெர்மனிக்குக் கொடுக்க உடன்பட்டனர். நிலத்தை இழந்த நாட்டுக்கு அந்த மேசையில் இடமில்லை. ஆறு மாதம்கூட நிறையாத நிலையில், 1939 மார்ச்சில், ஜெர்மானியப் படைகள் அந்நாட்டின் தலைநகரான பிராக் நகருக்குள் நுழைந்தன. நல்ல பொருளில் வழங்கிய சொல் அதன்பின் பழிச்சொல்லாயிற்று. முள்மரத்தை இளையதாக இருக்கும்போதே வெட்டிவிட வேண்டும் என்னும் ‘இளைதாக முள்மரம் கொல்க’ என்ற குறளை (879) இங்கு நினையாமல் இருக்க முடியவில்லை.

தமிழில் இதற்கு வழங்கும் சொற்களுள் ‘சமாதானக் கொள்கை’ மிகப் பொதுவானது. எந்த அமைதி முயற்சிக்கும் அது பொருந்திவிடும். நாளிதழ்களில் காணும் ‘திருப்திப்படுத்தல்’ எதிராளியின் ஆசையைச் சொல்கிறது, அவனுடைய பகையைச் சொல்வதில்லை. பேச்சுவழக்கின் ‘தாஜா பண்ணுதல்’ உயிருள்ள சொல்தான், ஆனால் முகத்துதியின் சாயல் அதில் மிகுதி. ‘அடிபணிதல்’ என்றால், முடிவு தெரிந்த பின் வந்த தீர்ப்பைச் சொல்லின் தலையிலேயே ஏற்றியதாகிவிடும். நல்லெண்ணத்தோடு தொடங்கியவர்கள் எப்படி வழிதவறினார்கள் என்பது வாசகருக்குத் தெரியாமலே போகும்.

எனவே ‘பகைதணிப்பு’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். சினம் தணிதல், தீ தணிதல், தாகம் தணிதல் என்று நம் வழக்கில் நன்கு வேரூன்றிய வினை இது. முருகனின் சினம் தணிந்த இடம் என்று திருத்தணிக்குப் பெயர்க்காரணம் சொல்லும் மரபும் உண்டு. வெறும் ‘தணிப்பு’ என்று விட்டால் பேரிடர்த் தணிப்போடு குழம்பும் என்பதால் ‘பகை’ என்னும் அடை தேவைப்படுகிறது. முதன்முறை எழுதும்போது ‘விட்டுக்கொடுத்துப் பகை தணிக்கும் கொள்கை’ என விரித்துக் காட்டிவிடலாம்.

படத்தின் மையமான 1940 மே இறுதி விவாதத்துக்கு இச்சொல்லை அப்படியே நீட்டுவது சரியன்று. அப்போது போர் மூண்டு மாதங்கள் கடந்திருந்தன. முசோலினி வழியாக ஜெர்மனியுடன் பேசி உடன்பாடு காண வழியுண்டா என்று வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் கேட்டார். பகைத்து நிற்கும் இரு தரப்பையும் இணங்கவைக்கும் இதற்குத் தமிழில் ‘சந்து செய்தல்’ என்ற பழஞ்சொல் உண்டு. சோழ மன்னர்களான நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் இடையே சங்கப் புலவர் கோவூர் கிழார் செய்ய முயன்றது அதுவே. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் சேம்பர்லினின் 1938ஆம் ஆண்டு முடிவும் ஹாலிஃபாக்ஸின் 1940ஆம் ஆண்டுக் கேள்வியும் ஒன்றாகிவிடும்.

1950 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் பேசிய சர்ச்சில், அப்பீஸ்மென்ட் சூழலைப் பொறுத்து நன்றாகவோ தீதாகவோ அமையும் என்றும், அச்சத்தால் செய்வது வீணும் அழிவும் ஆகும், வலிமையோடு செய்வது பெருந்தன்மை என்றும் கூறினார். ‘அடிபணிதல்’ என்று வைத்து இக்கருத்தை மொழிபெயர்த்தால் பின்பாதி பொருளற்றுப் போகும். ‘பகைதணிப்பு’ என்று வைத்தால் இரு பாதியும் நிற்கும்.