பிள்ளைகள் அனுப்பும் அழைப்புக் கடிதத்துக்கு எந்த நாட்டில் என்ன எடை?

எங்கள் நங்கநல்லூர்த் தெருவில் பாதி வீடுகளில் பெரியவர்கள் இருவர் மட்டுமே இருக்கிறார்கள். பிள்ளைகள் டல்லஸ், டொரொன்டோ, மியூனிக் என்று போய்விட்டார்கள். மாசி, பங்குனி வந்தால் யாராவது ஒருவர் கையில் ஒரு தாளோடு என் வீட்டுத் திண்ணைக்கு வருவார். "பையன் அழைப்புக் கடிதம் அனுப்பிவிட்டான் சார், நோட்டரி முத்திரைகூட இருக்கிறது. இனி விசா கிடைத்துவிடும், இல்லையா?"

கல்யாணப் பத்திரிகை வந்தால் நேரே போய்ப் பந்தியில் உட்காரலாம். விசாவில் அப்படி இல்லை. பிள்ளை எழுதும் கடிதம் ஒரு நாட்டில் வெறும் தாள், இன்னொரு நாட்டில் கட்டாய ஆவணம், மற்றொன்றில் பிள்ளையின் தலையில் ஏறும் கடன் பத்திரம். எந்த நாட்டில் எது என்று தெரியாமல்தான் பலர் தேவையில்லாத இடத்தில் பணத்தைக் கொட்டி, தேவையான இடத்தில் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் அமெரிக்கா. உறவினரைப் பார்க்கப் போகிறவர்களுக்கான பி-2 விசாவுக்கு அழைப்புக் கடிதமோ, செலவை ஏற்பதாகப் பிள்ளை தரும் உறுதிமொழியோ தேவையில்லை என்று அந்நாட்டு வெளியுறவுத் துறையே வெளிப்படையாகச் சொல்கிறது. கொண்டுபோனால் தவறில்லை, ஆனால் அதை வைத்து யாரும் முடிவெடுப்பதில்லை. அவர்களுடைய குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு, விசா கேட்டு வருகிறவர் அங்கேயே தங்கிவிடத்தான் வருகிறார் என்று முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. 'இல்லை, திரும்பி வந்துவிடுவேன்' என்று காட்டும் பொறுப்பு விண்ணப்பிப்பவருடையது. மகனின் சம்பளம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அப்பா சென்னைக்குத் திரும்புவார் என்பதற்கு அது சான்றாகாது.

நடைமுறை இதுதான்: இணையத்தில் டிஎஸ்-160 படிவத்தை நிரப்ப வேண்டும். கட்டணம் 185 டாலர். விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்பி வராது. ஒரு நாள் விசா மையத்தில் கைரேகையும் புகைப்படமும், இன்னொரு நாள் ஜெமினி மேம்பாலத்தை ஒட்டிய துணைத் தூதரகத்தில் நேர்காணல். கைப்பேசியை உள்ளே கொண்டுபோக முடியாது. தமிழிலேயே பேசலாம். இது தெரியாமல் அறுபத்தெட்டு வயதில் ஆங்கிலம் பேசப் பயந்து ஒரு வாரம் தூங்காமல் கிடந்த அம்மாவை எனக்குத் தெரியும்.

நேர்காணல் பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். கோப்பைத் திறக்காமலே முடிந்துவிடுவதும் உண்டு. ஆகவே வாயிலிருந்து வரும் பதில்தான் முக்கியம். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மஞ்சள் பை நிறையக் காகிதங்களோடு வந்து உட்கார்ந்தார். ஒத்திகையாகச் சில கேள்விகள் கேட்டேன். மகன் என்ன வேலை? "கம்ப்யூட்டர்." எந்த நிறுவனம்? மௌனம். எந்த விசாவில் இருக்கிறார்? "நல்ல விசாதான்." எத்தனை நாள் தங்கப்போகிறீர்கள்? "ஆறு மாதம்." படிவத்தில் மகன் மூன்று மாதம் என்று நிரப்பியிருந்தான். நல்லவேளை, இது என் திண்ணையில் நடந்தது. படிவத்தை நிரப்புகிற பிள்ளைகள் அதை ஒருமுறை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வரி வரியாகப் படித்துக் காட்டுங்கள். தன் வேலை, நிறுவனம், ஊர், விசா வகை எல்லாவற்றையும் சொல்லிக்கொடுங்கள். அழைப்புக் கடிதத்தைவிட அந்த அரைமணி நேரத் தொலைபேசிப் பேச்சுக்கு மதிப்பு அதிகம்.

தமிழர்களுக்கென்றே ஒரு தலைவலியும் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ராமசாமி என்பவரின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருக்கும். அமெரிக்கப் படிவத்தில் அந்த ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதி, முதற்பெயர்க் கட்டத்தில் 'எஃப்என்யு' என்று போட வேண்டும். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. ஊரே அறிந்த மனிதருக்குப் பெயர் தெரியவில்லை என்று விசாவில் அச்சாகும், பதற வேண்டாம். ஐக்கிய அரபு அமீரகம் இதில் இன்னும் கறார். ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவிலோ வருகை விசாவிலோ வருகிறவர்களை அனுமதிப்பதில்லை என்று 2022 நவம்பரில் அறிவித்தது. அப்பா பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் ஏற்பதாகப் பிறகு தளர்த்தியது. துபாயில் பிள்ளை இருந்தால், டிக்கெட் எடுப்பதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

கனடாவுக்கு வந்தால் கதை தலைகீழ். பெற்றோருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் அங்கே 'சூப்பர் விசா' என்று ஒன்று இருக்கிறது. அதற்கு அழைப்புக் கடிதம் கட்டாயம். பிள்ளையோ பேரப்பிள்ளையோ கனடாவின் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். படிக்கப் போயிருக்கும் பிள்ளையும் தற்காலிக வேலை அனுமதியில் இருப்பவரும் இதில் அழைக்க முடியாது. தங்கும் காலம் முழுவதும் செலவை ஏற்கிறேன் என்ற வாக்குறுதியும், வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற விவரமும் கடிதத்தில் இருக்க வேண்டும். அந்த எண்ணிக்கைக்கு ஏற்பத்தான் குறைந்தபட்ச வருமானம் கணக்கிடப்படும். இவை தவிர, பெற்றோருக்கு மருத்துவப் பரிசோதனையும், ஓராண்டு செல்லுபடியாகும், குறைந்தது 1,00,000 கனடிய டாலருக்கான மருத்துவக் காப்பீடும் வேண்டும். இவ்வளவுக்கும் பலன் உண்டு. 2022 ஜூலை முதல் ஒரே பயணத்தில் ஐந்து ஆண்டு வரை தங்கலாம். சாதாரண வருகை விசாவில் பொதுவாக ஆறு மாதம்தான். பேரனின் மொட்டைக்குப் போய்விட்டு வருவதற்கு இத்தனை காகிதம் வேண்டாம், சாதாரண விசாவே போதும் என்பது என் கருத்து.

ஜெர்மனியில் கடிதம் என்ற சொல்லே பொருந்தாது. அங்கே உள்ளது பொறுப்பேற்பு உறுதிமொழி. அதன் ஜெர்மன் பெயரை ஒரே மூச்சில் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. பெற்றோரின் செலவைப் பிள்ளை ஏற்பதாக இருந்தால், அவர் வசிக்கும் ஊரின் வெளிநாட்டினர் அலுவலகத்துக்குப் போய், சம்பளச் சீட்டுகளைக் காட்டி, 29 யூரோ கட்டிக் கையெழுத்திட்டு வாங்க வேண்டும். மூலப்பிரதிதான் செல்லும், ஆகவே அதைக் கூரியரில் சென்னைக்கு அனுப்ப வேண்டியிருக்கும். வாங்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விசாவுக்குப் பயன்படுத்த வேண்டும். விருந்தினரின் தங்குமிடம், சாப்பாடு, மருத்துவம் ஆகியவற்றுக்கு அந்நாட்டு அரசு செலவழிக்க நேர்ந்தால், கையெழுத்துப் போட்டவரிடம் அதை வசூலிக்கச் சட்டம் இடம் தருகிறது. அந்தப் பொறுப்பு ஐந்து ஆண்டு வரை நீளும். அத்தை, சித்தப்பா என்று எல்லாருக்கும் முகத்துக்காகக் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளுக்குப் பொதுவான விதிகளும் உண்டு. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடு வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. இந்தக் கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். மார்ச் 1 அன்று நுழைந்து மே 29 வரை இருந்தால் 90 நாள் தீர்ந்தது. போகும் நாள், வரும் நாள் இரண்டும் கணக்கில் சேரும். விசா கையில் இருந்தாலும் ஆகஸ்ட் 28-க்கு முன் மறுபடி நுழைய முடியாது.

பிரிட்டனில் வருகையாளர் விசாவில் பொதுவாக ஆறு மாதம் வரை தங்கலாம். அழைப்புக் கடிதம் உதவும், அவ்வளவுதான். பெற்றோரின் வங்கிக் கணக்கில் பணம் எப்படி வந்து எப்படிப் போகிறது என்பதைக் கூர்ந்து பார்ப்பார்கள். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் திடீரென்று ஐந்து லட்சம் போட்டு வைத்தால் அது உதவாது, சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

சென்னையில் திரட்ட வேண்டிய காகிதங்களைப் பார்ப்போம். உறவைக் காட்ட, பிள்ளையின் பாஸ்போர்ட் கடைசிப் பக்கத்தில் அப்பா அம்மா பெயர் அச்சாகியிருந்தால் அதன் நகல் கைகொடுக்கும். பிறப்புச் சான்றிதழை மாநகராட்சியின் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். ஆனால் பழைய சான்றிதழ்கள் பலவற்றில் குழந்தையின் பெயருக்கான இடம் காலியாக இருக்கும். பெயர் சேர்க்கும் வேலையை விசாத் தேதிக்கு முந்தின வாரம் தொடங்கினால் நடக்காது. அம்மா பெயர் ஓரிடத்தில் லட்சுமி, இன்னோரிடத்தில் லெட்சுமி என்று இருந்தாலும் முன்கூட்டியே சரிசெய்து வையுங்கள். ஓய்வூதிய ஆணை, சொத்துவரி ரசீது, வங்கிக் கணக்கு விவரம், ஊரிலேயே இருக்கும் மற்றொரு பிள்ளையின் விவரம் ஆகியவைதான் திரும்பி வருவார் என்று பேசும் காகிதங்கள். "விசா உத்தரவாதம்" என்று பலகை மாட்டியிருப்பவரிடம் போகாதீர்கள். அந்த உத்தரவாதத்தைத் தரும் அதிகாரம் எந்த முகவருக்கும் இல்லை.

மகளின் பிரசவத்துக்குப் போகும் அம்மா அதை மறைக்க வேண்டியதில்லை. மகளுக்குத் துணையாக இருந்து பேரக்குழந்தையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று உள்ளதைச் சொன்னால் போதும். சம்பளத்துக்குக் குழந்தை பார்ப்பதுதான் வேலை, அதற்கு வருகை விசாவில் அனுமதி இல்லை.

விசா கிடைத்த பிறகு வரும் குழப்பம் ஒன்று. அமெரிக்க விசாவில் பத்தாண்டு என்று இருந்தால், பத்தாண்டு தங்கலாம் என்று பொருளல்ல. அந்தப் பத்தாண்டில் எத்தனை முறை வேண்டுமானாலும் விமான நிலைய வாசல்வரை போகலாம் என்றுதான் பொருள். உள்ளே எத்தனை நாள் என்பதை அங்குள்ள அதிகாரி முடிவு செய்வார், வழக்கமாக ஆறு மாதம். ஐ-94 என்ற பதிவில் அந்தத் தேதி இருக்கும், இணையத்தில் பார்க்கலாம். இறங்கிய மறுநாளே பிள்ளைகள் அதை அச்செடுத்துக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள். நீட்டிப்பு கேட்காமல் அந்தத் தேதியைத் தாண்டினால் பத்தாண்டு விசா செல்லாமல் போகும். 180 நாளுக்கு மேல் தாண்டி இருந்துவிட்டுத் திரும்பினால் மூன்று ஆண்டு, ஓராண்டோ அதற்கு மேலோ என்றால் பத்து ஆண்டு உள்ளே நுழையத் தடை.

மத்திய அரசு ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் நவம்பரில் வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும். அந்த மாதம் வெளிநாட்டில் இருக்க நேர்ந்தால், அருகிலுள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று வங்கிக்கு அனுப்பிவிடுங்கள். போன ஆண்டு எங்கள் தெருக்காரர் ஒருவர் பேத்தியைத் தூக்கிக்கொண்டு இருந்ததில் இதை மறந்துபோனார். திரும்பி வந்து பார்த்தால் ஓய்வூதியம் நின்றிருந்தது. அடுத்த விசாவுக்குக் காட்ட அவர் கையில் இருந்ததே அந்த ஓய்வூதியக் கணக்கு ஒன்றுதான்.